அசெஸ்மென்ட் அன்று அம்மா "எல்லாம் நானே செய்வேன்" என்று சொன்னால்?

கேள்வி: சிட்னி டூங்காபியில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 79 வயது. மூட்டுவலி. போன மாதம் குளியலறையில் விழுந்தும் விட்டார். வீட்டுக்கு வந்து உதவ அரசு நிதியில் ஏஜ்ட் கேர் (முதியோர் பராமரிப்பு) கிடைக்கும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது, என்ன உதவி தேவை என்று பார்க்கும் அசெஸ்மென்ட்டுக்கு எப்படித் தயாராவது?

பதில்: தொடங்கும் இடம் மை ஏஜ்ட் கேர் என்ற அரசுச் சேவை. 1800 200 422-க்கு அழைக்கலாம், இணையத்தில் விண்ணப்பிக்கலாம், குடும்ப டாக்டரிடம் சொல்லியும் அனுப்பலாம். போன் செய்வதானால் மெடிகேர் கார்டோடு அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் உங்களோடு பேச அம்மா சம்மதம் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா முடிவெடுக்க உதவும் 'ரெஜிஸ்டர்ட் சப்போர்ட்டர்' ஆக உங்களைப் பதிவது பற்றியும் அப்போதே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், அதற்குக் காசு இல்லை.

அப்புறம் அம்மாவின் தேவையை மதிப்பிட அசெஸர் வீட்டுக்கு வருவார். இதுவும் இலவசம். முன்பு இந்த மதிப்பீட்டுக்கு 'ஏகாட்' என்று தனியாக ஒரு குழு வந்துகொண்டிருந்தது. 2024 டிசம்பரிலிருந்து எல்லா மதிப்பீடும் ஒரே அமைப்பின் கீழ்.

நம் வீடுகளில் காரியம் கெடுவது அந்த ஒரு நாளில்தான். விருந்தாள் வருகிறார் என்று அம்மா நல்ல சேலை கட்டி, தலைவாரி, வலியைக் காட்டாமல் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவருவார். "குளிக்க உதவி வேண்டுமா?" என்றால், "இல்லை, நானே குளிப்பேன்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் குளியலறைச் சுவரைப் பிடித்துப் பிடித்து முக்கால் மணி நேரம் எடுக்கிறது என்பதையும், நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் பயந்து குளிக்காமலே இருந்துவிடுகிறார் என்பதையும் யார் சொல்வது? அசெஸர் தன் காதில் விழுந்ததைத்தான் எழுதுவார்.

அதனால் இன்றே ஒரு கொப்பி எடுத்து ஒரு வாரம் எழுதி வையுங்கள். இரவில் எத்தனை தரம் எழுந்தார், எந்த மாத்திரையை மறந்தார், சட்டை பொத்தான் போட யார் உதவினார், விழுந்த தேதி என்ன. நல்ல நாளை விட்டுவிட்டு, மோசமான நாள் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். மருந்துப் பட்டியலையும் ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் மேசையில் வையுங்கள். உங்கள் களைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மா தனியே இருக்கிறார் என்பதும் கணக்கில் வரும்.

மொழிபெயர்ப்பை நீங்கள் செய்யாதீர்கள். சிறுநீர் அடக்க முடியாததைப் பற்றி பிள்ளை வழியாகப் பேச எந்த அம்மாவுக்கும் கூச்சம் இருக்கும்.

முடிவு கடிதமாக வரும். லேசான உதவி போதும் என்றால் காமன்வெல்த் ஹோம் சப்போர்ட் திட்டம். கூடுதல் தேவை என்றால் 2025 நவம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும் 'சப்போர்ட் அட் ஹோம்', அதில் 8 நிலைகள். அனுமதி கிடைத்தாலும் பணம் ஒதுக்கும் வரை காத்திருக்க நேரலாம், அவசரத்தைப் பொறுத்து முன்னுரிமை கொடுப்பார்கள். நர்ஸ், பிசியோதெரபி போன்றவற்றுக்கு நீங்கள் கட்ட வேண்டியதில்லை. வீடு சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு வருமானம், சொத்தைப் பார்த்து ஒரு பங்கு கேட்பார்கள். அந்தக் கணக்கைப் பார்ப்பது சர்வீசஸ் ஆஸ்திரேலியா.

கடிதத்தில் தந்த நிலை போதாது என்று பட்டால் சும்மா இருக்க வேண்டாம், 28 நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். 1800 700 600-க்கு அழைத்தால் முதியோருக்காகப் பேசும் ஓபன் (OPAN) அமைப்பின் ஆலோசகர்கள் இலவசமாக உதவுவார்கள்.

அம்மா குளியலறையில் விழுந்திருக்கிறார் அல்லவா? கைப்பிடிக் கம்பி, குளிக்கும் நாற்காலி ஆகியவற்றுக்கு 'சப்போர்ட் அட் ஹோம்' திட்டத்திலேயே தனி நிதி இருக்கிறது. அசெஸர் வந்ததும் முதலில் அந்தக் குளியலறையைக் காட்டுங்கள்.