ஆற்றங்கரைக்கு கிராவல் சைக்கிள்: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ஐரோப்பாவில் மலைக்காட்டுப் பூங்காக்களுக்குள் கார், பஸ் தொல்லை இல்லாமல் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. வெண்ணாற்றங்கரை, கல்லணைக் கால்வாய்க் கரை என்று இங்கேயும் வண்டி அதிகம் வராத பாதை உண்டே. நாற்பதாயிரத்துக்குள் கிராவல் பைக் (வளைந்த ஹேண்டில்பாரும் தடித்த டயரும் உள்ள சரளைப் பாதை சைக்கிள்) வாங்கலாமா, மவுன்டன் பைக்கே போதுமா? (தஞ்சாவூர்)

பதில்: ஓட்டலாம், ஆனால் வீடியோவில் தெரிவது வேறு தரை. அங்கே காட்டுப்பாதை என்பது உடைத்த கல்லைப் பரப்பி, ரோலர் ஓட்டி, தண்ணீர் வடிய வாட்டம் வைத்துப் போட்டது. மழை விட்டதும் ஓட்டலாம். நம் கரைகளில் கொஞ்ச தூரம் செம்மண் கிராவல் அடித்திருக்கும். அதைத் தாண்டினால் வெறும் வண்டல். காய்ந்தால் டிராக்டர் தடம் கல்லாக இறுகிக் கிடக்கும். நனைந்தால் களி டயரில் அப்பி, ஃபோர்க்குக்குள் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) அடைத்து, சக்கரத்தைச் சுற்றவிடாமல் நிறுத்திவிடும். அதனால் பிராண்டைப் பார்க்கும் முன் டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

கடைக்குப் போகும்போது 6 மி.மீ. ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) ஒன்று கையில் இருக்கட்டும். டயரின் இரு பக்கமும், மேலேயும், பின்சக்கரம் பெடலை ஒட்டி வரும் இடத்திலும் அதை நுழைத்துப் பாருங்கள். எங்கும் உரசாமல் போக வேண்டும். நம் களிமண்ணுக்கு 8 முதல் 10 மி.மீ. இருந்தால் நிம்மதி. 45 மி.மீ. டயர் வரை ஏற்கும் ஃப்ரேமில் 40 மி.மீ. டயர் போட்டுக்கொள்வதுதான் கணக்கு. முழு மட்கார்டு போட்டால் இந்த இடமெல்லாம் போய்விடும்; மாட்டிக் கழற்றுகிற குட்டை மட்கார்டு போதும்.

டயர் பக்கவாட்டில் 40-622 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் அளவு. 622 என்றால் 700சி, 584 என்றால் 27.5 இன்ச், 559 என்றால் 26 இன்ச். டயர் மாற்றும்போது இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், தவறு வராது.

இனி விலை. கிராவல் பைக்கின் வளைந்த ஹேண்டில்பாருக்கான பிரேக்-கியர் லீவர்கள் விலை கூடியவை. நாற்பதாயிரத்துக்குள் அதைத் தர வேண்டுமென்றால் கம்பெனி வேறெங்கோ கை வைத்திருக்கும். பெரும்பாலும் பின் ஹப்பில், அதாவது பின்சக்கரத்தின் நடு உருளையில். 7 ஸ்பீடு ஃப்ரீவீல் (ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) போட்ட ஹப்பில் வலதுபக்க பேரிங் வெகு உள்ளே இருக்கும். அச்சின் முனை தாங்கலில்லாமல் நீண்டு நிற்பதால், இறுகிய தடத்தில் குதித்துக் குதித்துப் போனால் அச்சு வளையும். கேசட் (செருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) போட்ட ஹப்பில் இந்தத் தொல்லை குறைவு. கண்டுபிடிப்பது சுலபம்: பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். வெளிமுனையில் வரிப்பள்ளம் வெட்டிய வளையம் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பல் மட்டும் சுற்றி, நடுப்பகுதி அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

இந்தத் தொகைக்கு நம் தேர்வு: நேர் ஹேண்டில்பார், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், டிஸ்க் பிரேக், கேசட் ஹப், 700சி-யில் 40 மி.மீ. டயருக்கு இடமுள்ள ஹைப்ரிட் (ரோடு பைக்கும் மவுன்டன் பைக்கும் கலந்த வகை). மலிவு சஸ்பென்ஷன் ஃபோர்க் கனம்தான் கூட்டும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பில்லில் அந்த வரியைப் பாருங்கள்.

கேள்வி: ஓட்டும்போதெல்லாம் பஞ்சர். டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) மாற்றினால் தீருமா? (திருத்துறைப்பூண்டி)

பதில்: கரையோரப் பஞ்சருக்கு இரண்டு பேர் பொறுப்பு: சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும். நெருஞ்சி துளை சிறியது, டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவமான சீலன்ட் உடனே அடைத்துவிடும். கருவேல முள்ளையும் பெரும்பாலும் சமாளிக்கும். ஆகவே மாற்றுவது நல்லதுதான். ஆனால் ரிம்மும் டயரும் இரண்டுமே டியூப்லெஸ்ஸுக்கு என்று குறித்தவையாக இருக்க வேண்டும். சாதா ரிம்மில் டேப் ஒட்டிச் சமாளித்தால் ஓட்டத்தில் டயர் கழன்றுகொள்ளக்கூடும்.

ஸ்போக் ஓட்டைகளை அடைக்கும் டேப் ரிம்மின் உட்சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை மூட வேண்டும். ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடையுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் காற்று கசியும். 40 மி.மீ. டயருக்கு ஒரு சக்கரத்துக்கு 60 முதல் 80 மி.லி. சீலன்ட். டயர் ரிம்மில் உட்கார ஒரே மூச்சில் காற்று போக வேண்டும், கைப்பம்பால் அது கடினம். பஞ்சர் கடை கம்ப்ரசர் போதும், ஆனால் உங்கள் வால்வு மெலிந்த பிரெஸ்டா என்றால் பித்தளை அடாப்டர் வேண்டும். பட், பட் என்று இரண்டு சத்தம் கேட்டால் இருபுறமும் உட்கார்ந்துவிட்டது. டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். கொக்கி விளிம்பு இல்லாத ரிம்முக்கு அது 72.5 பி.எஸ்.ஐ.

நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் சீலன்ட் காய்ந்து உள்ளே ரப்பர் தோலாக ஒட்டிக்கொள்ளும். வால்வின் உள்ளூசியைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை (ஜிப் டை) விட்டுப் பாருங்கள். நனையாமல் வந்தால் ஊற்ற வேண்டிய நேரம். டியூப்லெஸ்ஸைப் பரிந்துரைப்பவர்கள் இந்தச் செலவைச் சொல்வதில்லை.

ஓட்டும் அழுத்தம் வேறு. 70 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டயரில் பின்னால் 35, முன்னால் 32 பி.எஸ்.ஐ. என்று ஆரம்பியுங்கள், டியூப் என்றால் ஐந்தாறு கூட்டுங்கள், இல்லாவிட்டால் தடத்தின் விளிம்பில் அடிபட்டு டியூப் நசுங்கி, பாம்புக்கடி போல இரட்டைத் துளை விழும்.

டியூப்லெஸ் போட்டாலும் பையில் ஒரு டியூப் இருக்கட்டும். அதைப் போடும் முன் டயருக்குள் பழந்துணியால் சுற்றித் தடவி, மாட்டுகிற முள்ளையெல்லாம் பிடுங்குங்கள்; இதுவரை சீலன்ட் அடைத்துவைத்த முட்கள் அத்தனையும் புது டியூபைக் குத்தக் காத்திருக்கும். சாதாரண மோட்டார் சைக்கிள் வகை வால்வுள்ள டியூப், பிரெஸ்டாவுக்கான 6.5 மி.மீ. ரிம் ஓட்டையில் நுழையாது, அதற்கு 8.5 மி.மீ. வேண்டும். பக்கத்து ஊர்க் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: வருடத்துக்கு இரண்டு முறை பச்சைமலை, கொல்லிமலை ஏற விருப்பம். என் சைக்கிளில் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல். போதுமா? (மன்னார்குடி)

பதில்: டெல்டாவில் ஓட்டிய காலை வைத்து முடிவு செய்யாதீர்கள். 34-ஐ 28-ஆல் வகுத்தால் 1.21. 40 மி.மீ. டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு (பெடலின் ஒரு முழுச் சுற்று) 2.67 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 9.6 கி.மீ. நெடுக ஏற்றத்தில் அந்த வேகம் பலருக்கு முடியாது. மிதி குறையும், முழங்கால் வலிக்கும். பின்னால் 11-34 போட்டால் ஒன்றுக்கு ஒன்று, அதே 60 மிதிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இன்னும் இளக வேண்டுமென்றால் முன்னால் 30 பல் வேண்டும். கேசட்டை மட்டும் மாற்றிவிட முடியாது: பின் டெரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) 34 பல்லை ஏற்குமா என்று மாடல் எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொண்டு, நீளமான புதுச் செயினும் வாங்குங்கள். பழைய செயின் பெரிய பல்லுக்குப் பற்றாமல் டெரெய்லரையே இழுத்து முறித்துவிடும்.

இறக்கத்துக்கு முன் பிரேக் பேட் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் தேயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழ் என்றால் ஊரிலேயே மாற்றிவிடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் பஸ் ஓடும் தார்ச்சாலை. வீடியோவில் பார்த்த அமைதி அங்கே கிடைக்காது. வண்டி வராத மண்பாதை பல இடங்களில் காப்புக்காட்டுக்குள்தான் போகும், வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சைக்கிள் பெட்டியிலேயே பின் டெரெய்லர் மாட்டும் துண்டு வளைந்து வந்தது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார்கள். (மயிலாடுதுறை)

பதில்: குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்த வாசகம் செல்லாது. பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. முதலில் அந்தச் சைக்கிளை ஓட்டாதீர்கள், நிமிர்த்தவும் முயலாதீர்கள். "உபயோகித்தது" என்று சொல்ல இடம் கொடுத்துவிடும். பெட்டி, லேபிள், வளைவு மூன்றையும் படமெடுத்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதை உறுதி செய்யவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

மாற்றிக் கொடுத்தாலும், அந்த ஹேங்கர் துண்டில் உதிரி ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வடிவம் வேறு, உள்ளூர்க் கடையில் கிடைக்காது.

கேள்வி: சம்பா அறுவடை நேரத்தில் கரையில் ஓட்டலாமா? (திருவாரூர்)

பதில்: ஓட்டலாம், ஆனால் நெல் காயப்போட்ட இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். வைக்கோல் பரப்பிய இடத்திலும் அப்படியே: ஒரு தாள் செயினோடு உள்ளே போனால் டெரெய்லரின் குட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், மிதியை அழுத்தினால் ஹேங்கர் வளையும். கரகரவென்று சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்தி, செயினைப் பின்பக்கமாகச் சுற்றி வைக்கோலைக் கையால் உருவுங்கள்.