டேப்லெட் சோதனையில் மதிப்பெண் குறைந்தால் மறதி நோயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. பட்டன் போன் மட்டும்தான் பழக்கம். நினைவாற்றல் பரிசோதனைக்குப் போனபோது டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மதிப்பெண் குறைவாக வந்திருக்கிறது. இதை நம்பலாமா?

பதில்: மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். எந்தெந்தப் பகுதியில் குறைந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

டேப்லெட்டின் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்தே தொட்டதை அறிகிறது. வயதானால் தோல் வறண்டுபோகும், தொட்டாலும் சிலசமயம் பதிவாகாது. உடனே பட்டன் போன் பழக்கத்தில் அழுத்திப் பிடிப்பார்கள். கருவி அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கை நடுங்கினால் ஒரு தொடுதல் இரண்டாகப் பதிவாகலாம். வேகத்தை அளக்கும் பகுதிகளில் இந்தத் தாமதமெல்லாம் மூளையின் கணக்கில் சேர்ந்துவிடும். விரலால் கடிகாரம் வரையச் சொன்னாலும் சிக்கல்தான்: போடுகிற கோட்டை விரலே மறைக்கும், எண்கள் ஒரு பக்கமாக நெருக்கிக்கொள்ளும்.

ஆனால் சில சொற்களைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வாயால் திருப்பிச் சொல்லும் பகுதியில் விரலுக்கு வேலையில்லை. நன்றாகக் காது கேட்டும் அதில் குறைந்திருந்தால், குறிப்புக் கொடுத்தும் நினைவுக்கு வரவில்லை என்றால், அதை லேசாக விடக்கூடாது.

காகிதச் சோதனையும் எல்லாருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 30 மதிப்பெண் கொண்ட 'மோகா' சோதனையில் 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவது அதனால்தான். தொடுதிரைப் பழக்கம் இல்லாதவர்களுக்கு அப்படிப் பொதுவான சலுகை எதுவும் இல்லை. அதற்காகத் தொடுதிரையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மவுஸைப் பிடிப்பதைவிட விரலால் காட்டுவது முதியவர்களுக்குச் சுலபம்.

மறுபரிசோதனை கேளுங்கள். சற்று இடைவெளி விட்டு, வேறு கேள்விகள் உள்ள வடிவத்தில் செய்யட்டும். அதே கேள்விகள் என்றால் பழக்கத்திலேயே மதிப்பெண் ஏறிவிடும். மதிப்பெண் போடாத பயிற்சிச் சுற்று முதலில் அவசியம். விரலுக்குப் பதில் ஸ்டைலஸ் (திரையில் எழுதும் பேனா) தர முடியுமா என்று கேளுங்கள். கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள். அப்புறம், பக்கத்தில் நின்று 'அங்கே தொடும்மா' என்று நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மருத்துவரிடம் வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு பற்றிக் கேளுங்கள். மனச்சோர்வு, தூக்க மாத்திரை இருந்தால் சொல்லிவிடுங்கள். இவையும் மறதியைக் கொண்டுவரும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பணக் கணக்கில் புதிதாகத் தடுமாறுவது, தெரிந்த வழியில் குழம்புவது என்று வீட்டில் கவனித்திருந்தால், மறுபரிசோதனையில் நல்ல மதிப்பெண் வந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.