தானே சென்று தானே திரும்பும் சிறு ரயில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகையில் நேரோகேஜ் (குறுகிய ரயில் பாதை) மாதிரி ரயில் பாதை அமைத்து, இரு முனைகளுக்கும் இடையே வண்டி தானாகவே போய்வரும்படி செய்ய விரும்புகிறேன். புரோகிராம் எழுதத் தெரியாத நான் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: உங்கள் பலகைக்கு 1:87 விகிதத்தில் அமைந்த, தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதை பொருத்தமானது. இந்த விகிதத்தில் 9 மில்லிமீட்டர் என்பது 783 மில்லிமீட்டருக்குச் சமமாவதால், மெய்யான 760 மில்லிமீட்டர் பாதைக்கு மிக நெருங்கி வருகிறது. ‘என்’ கேஜ் எனப்படும் இன்னும் சிறிய விகித மாதிரிகளின் பாதையும் இதே அகலமுடையது. எனவே அவற்றின் மோட்டார்ப் பகுதியின்மேல் நேரோகேஜ் எஞ்சினின் உடலைப் பொருத்திக்கொள்ளவும் முடியும். இந்த அளவில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒருவகை வளைவுத் துண்டுகளின் ஆரம் சுமார் 228 மில்லிமீட்டர். அரைவட்டம் திரும்பவே 456 மில்லிமீட்டர் வேண்டும், உங்கள் பலகையின் அகலமோ 457. சுற்றுப்பாதையை விட்டு, போய்வரும் பாதையைத் தேர்ந்தது நல்ல முடிவு.

புரோகிராம் இன்றியே இதைச் செய்யலாம். ஒவ்வொரு முனைக்கும் சற்று முன்பாக ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டும் வெட்டி, அந்த இடைவெளியை ஒரு டையோடால் (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) இணையுங்கள். முனையை நோக்கி வரும் எஞ்சினுக்குச் செல்லும் மின்னோட்டத்தை டையோடு தடுப்பதால் வண்டி நின்றுவிடும். மின்முனைகள் மாறியதும் அதே டையோடு மின்னோட்டத்தை விடுவதால் எஞ்சின் திரும்பிப் புறப்படும். மின்முனைகளைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை மாற்ற ஒரு டைமர் ரிலே (நேரம் பார்த்துத் தானே இயங்கும் சுவிட்ச்) போதும். அந்த நேரம் ஒருவழிப் பயணத்துக்கு ஆகும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தால், மிஞ்சும் நொடிகளில் வண்டி நிலையத்தில் காத்திருக்கும். டையோடைத் திருப்பிப் பொருத்திவிட்டால் வண்டி நிற்காமல் முனையில் மோதும் என்பதால், முதலில் எஞ்சினை மட்டும் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள்.

இதில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. ஒரு திசையில் எஞ்சின் பெட்டிகளை இழுக்கிறது. மறு திசையில் தள்ளுகிறது. தள்ளும்போது பெட்டிகளே முதலில் முனையை அடைகின்றன, ஆனால் வண்டியை நிறுத்துவது எஞ்சினின் சக்கரங்கள் வெட்டைக் கடப்பதுதான். ஆகவே அந்த முனையில் வெட்டுக்கு அப்பாலுள்ள பாதை முழு வண்டியின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஆர்டுயினோவும் (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் மோட்டார் டிரைவரும் கொண்டு வண்டியை ஓட்டுகிறேன். மெதுவாகச் செல்கையில் எஞ்சின் ஆங்காங்கே நின்றுவிடுகிறது; மோட்டாரும் முனகுகிறது. என் புரோகிராமில் பிழையா?

பதில்: நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் தண்டவாள அழுக்கே காரணம். இரண்டே அச்சுகள் கொண்ட சிறிய எஞ்சினில் மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் குறைவு என்பதால், ஒரு துளி எண்ணெய்ப்படலமும் அதற்குத் தடையாகும். தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பாதை பிரியும் இடங்களிலேயே நின்றால், அங்குள்ள பிளாஸ்டிக் பகுதியே காரணமாக இருக்கலாம். முனகலுக்குக் காரணம், ஆர்டுயினோ ஊனோ என்ற வகையின் பெரும்பாலான பின்கள் (இணைப்பு முனைகள்) வேகத்தைக் கட்டுப்படுத்தத் தரும் 490 ஹெர்ட்ஸ் துடிப்பு, அதாவது நொடிக்கு 490 முறை மின்சாரம் வந்து நிற்பது. 9 அல்லது 10ஆம் பின்னில் அதை 31 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் அந்த ஒலி காதுக்கு எட்டாது.

சென்சார்கள் வைத்திருந்தாலும் முனை டையோடுகளை அகற்றாதீர்கள். சென்சார் வண்டியைக் காணத் தவறினாலும் அவை நிறுத்திவிடும். மின்சாரம் போய் வந்தபின் வண்டி எங்கே நிற்கிறது என்பது ஆர்டுயினோவுக்குத் தெரியாது. ஆகவே தொடக்கத்தில் ஒரே திசையில் மெதுவாக ஓட்டி, முனைச் சென்சார் வண்டியைக் கண்ட பிறகே வழக்கமான ஓட்டம் தொடங்கும்படி புரோகிராமை எழுதுங்கள்.