விஎம்-ஐ வேறு மென்பொருளுக்கு மாற்றுவது: செட்டிநாட்டுக் கேள்விகள்

விஎம் என்றால் கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி. வர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், பிராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி எல்லாம் அதை ஓட்டும் மென்பொருள்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, வர்ச்சுவல்பாக்ஸில் உள்ள உபுண்டுவை விஎம்வேருக்குக் கொண்டுபோக வேண்டும். புதிதாகவே போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் உபுண்டுவை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். ஓடிய நிலையை அப்படியே சேமிக்கும் சேவ் ஸ்டேட்டில் நிறுத்தியது போதாது. அந்த நிலையை இன்னொரு மென்பொருளால் படிக்க முடியாது. பிறகு எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஓவிஏ கோப்பு கிடைக்கும். அது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய வெறும் டார் மூட்டைதான். மெஷினின் விவரத்தை எழுதிய ஓவிஎஃப், டிஸ்க்கான விஎம்டிகே, இரண்டும் உள்ளே இருக்கும். விஎம்வேரில் திறக்கும்போது விதிப்படி இல்லை என்று முறைக்கும். ரீட்ரை அழுத்தினால் பெரும்பாலும் இறங்கிவரும். நெட் வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். நெட் கார்டின் பெயர் ஈஎன்பி0எஸ்3-லிருந்து ஈஎன்எஸ்33 என மாறியிருக்கும். உபுண்டுவின் நெட் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் திருத்துங்கள்.

தேவகோட்டை, நகைக்கடைக் கணக்காளர்: விஎம்வேரில் நன்றாக ஓடிய விண்டோஸை பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றினேன். நீலத்திரை வந்து ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்கிறது. கணக்கு எல்லாம் போச்சா?

கணக்கு பத்திரமாக இருக்கிறது. காரைக்குடியில் பழைய தேக்குக் கதவு வாங்கிப்போய்ப் புது வீட்டில் மாட்டியவர்களுக்கு இது புரியும்: கதவில் குறை இல்லை, அதை மாட்டும் நிலைச்சட்டம்தான் வேறு. உங்கள் டிஸ்க்கை, விஎம்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ என்ற வழியில் மாட்டியிருக்கிறீர்கள். அதற்கான ட்ரைவர் விண்டோஸில் இல்லாததால், பூட் ஆகும்போது தன் டிஸ்க்கையே அதனால் பார்க்க முடியவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி, விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த சாட்டா வழியில் மாட்டுங்கள், பூட் வரிசையையும் சரிசெய்யுங்கள். விண்டோஸ் எழுந்துவிடும். அங்கேயே நிறுத்தினாலும் வேலை நடக்கும், ஆனால் வேகம் குறைவு. அதனால் 1 ஜிபி-யில் ஒரு வெற்று டிஸ்க்கை மட்டும் விர்ட்ஐஓவாகச் சேர்த்து, விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவிலிருந்து (சிடி போல மாட்டும் கோப்பு) ட்ரைவரைப் போடுங்கள். ஷட் டவுன் செய்து, அந்த வெற்று டிஸ்க்கை எடுத்துவிட்டு, உண்மையான டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். நீலத்திரைகூட வராமல் பூட் டிஸ்க்கே இல்லை என்றால் விஷயம் வேறு: கணினியைத் தொடங்கிவைக்கும் முறை பழையதில் யூஇஎஃப்ஐ-யா, பயாஸா என்று பார்த்து, புதியதிலும் அதையே வையுங்கள். அடுத்த முறை கிளம்பும் முன்பே விண்டோஸுக்குள் போட்ட விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளை நீக்கிவிடுங்கள், இடையிடையே சேமித்த ஸ்னாப்ஷாட்களை ஒன்றாக்கிவிடுங்கள், ஐபி முகவரியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு இது புது நெட் கார்டு என்பதால் பழைய ஐபி கூடவே வராது.

ஆத்தங்குடி, டைல் பட்டறை: 9 ஜிபி ஓவிஏ பென் டிரைவில் ஏறவே மாட்டேன் என்கிறது. 32 ஜிபி டிரைவ்தான், இடம் நிறைய இருக்கு.

டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக்கூடாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள்.

கானாடுகாத்தான், விடுதி மேலாளர்: வர்ச்சுவல்பாக்ஸிலிருந்து ஹைப்பர்-விக்குப் போகிறோம். ஜெனரேஷன் 1, 2 என்று கேட்கிறது. எதைக் கொடுக்க?

பழைய விஎம் பயாஸில் பூட் ஆனால் 1, யூஇஎஃப்ஐ என்றால் 2. யோசித்துக் கொடுங்கள், உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. ஹைப்பர்-வி நேரடியாக ஓவிஏவை எடுக்காது. வர்ச்சுவல்பாக்ஸிலேயே டிஸ்க்கை விஎச்டி என்ற வகைக் கோப்பாக நகலெடுத்து, ஹைப்பர்-வியில் அதன் புது வகையான விஎச்டிஎக்ஸ் ஆக்கிக்கொள்ளலாம். ஜெனரேஷன் 2 விஎச்டிஎக்ஸை மட்டுமே ஏற்கும்.

தேவகோட்டை, ஓர் ஆச்சி: வெளிநாட்டில் இருக்கும் பையன் புதுசுக்கு மாத்திக் குடுத்துட்டான். பழசை இப்பவே அழிச்சிரலாமா தம்பி?

அவசரமே வேண்டாம் ஆச்சி. ஆனால் இரண்டையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். ஒரு கடையில் நான் பழையதை அணைக்க மறந்து, பாதிப் பேர் அதிலும் பாதிப் பேர் புதியதிலும் வரவு எழுதி, சேர்ப்பதற்குள் இரண்டு நாள் போனது. பழையது தானாகத் தொடங்குவதை நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஒரு மாதக் கணக்கு முடியும்வரை அதன் நகல் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். உங்கள் வீட்டில் பெட்டகத்துக்கா பஞ்சம்?