மூச்சு பற்றிக் கேளுங்கள்: கேள்வி பதில்

உடற்செயலியல் பாடம் நடத்துகிறேன். சுவாசம் பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி மூச்சை இழுப்பதைப் பற்றியே இருந்தன. மூச்சை விடுவதிலும் அதே அளவு விஷயம் இருக்கிறது என்பதைப் படிக்கும்போது பார்ப்பீர்கள்.

கேள்வி: டீச்சர், காற்று உள்ளே போவதால் நுரையீரல் விரிகிறதா, நுரையீரல் விரிவதால் காற்று உள்ளே போகிறதா?

பதில்: இரண்டாவதுதான் சரி. ஆனால் நுரையீரல் தானாக விரிவதில்லை, தன்னை விரித்துக்கொள்ள அதற்குத் தசை கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற தசை குடை மாதிரி கவிந்திருக்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது விலா எலும்புகளும் மேலெழும்பி நெஞ்சுக்கூடு பெரிதாகிறது. நுரையீரலும் கூடவே இழுபட்டு விரிய, உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறைகிறது, வெளிக்காற்று நுழைந்துவிடுகிறது.

ஆய்வகத்தில் ஆட்டு நுரையீரலை வைத்து இதைக் காட்டுவேன். மேசையில் கருஞ்சிவப்பாகத் துவண்டு கிடக்கும். மூச்சுக்குழாயில் ரப்பர் குழாயைச் செருகி பம்ப்பால் காற்றடித்தால் வெளிர் ரோஜா நிறத்தில் பொங்கி எழும். பம்ப்பை எடுத்ததும் யாரும் அமுக்காமலே சுருங்கிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் மூச்சு விடுவதும் இப்படித்தான். இழுக்கத்தான் உழைப்பு, விடுவது தானாக நடக்கிறது.

கேள்வி: மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் திணறுகிறதே, ஆக்சிஜன் தீர்ந்துபோவதால்தானே?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். திணற வைப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அது வெளியேறாமல் ரத்தத்தில் சேரச் சேர அமிலத்தன்மை கூடுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் உணர்விகள் அதைக் கண்டுபிடித்து 'மூச்சு விடு' என்று விரட்டுகின்றன. ஆக்சிஜனைக் கவனிக்கக் கழுத்துத் தமனிக்குப் பக்கத்தில் தனி உணர்வி உண்டு. அந்த ஆராய்ச்சிக்காக பெல்ஜிய விஞ்ஞானி ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகுதான் அது உரக்கக் குரல் கொடுக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் உயிரையே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம் என்று நம்பி, முங்குவதற்கு முன் வேக வேகமாக இருபது முப்பது மூச்சு இழுத்து விடுகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் பெரிதாக ஏறாது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வந்தாலும் திணறல் வராது. எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நீச்சல் பழகினால் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: நாம் விடும் காற்றில் ஆக்சிஜனே இருக்காது இல்லையா? அப்படியென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதால் என்ன பயன்?

பதில்: இழுக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், விடும் காற்றில் சுமார் 16. மிச்சம் இருப்பதே ஓர் உயிரைத் தாங்கப் போதும்.

கேள்வி: நுரையீரலை விரித்துப் போட்டால் டென்னிஸ் மைதானம் அளவு வருமாமே?

பதில்: அவ்வளவு வராது. உட்பரப்பு சுமார் 70 சதுர மீட்டர் என்பது வழக்கமான கணக்கு, மைதானத்தில் பாதிகூட இல்லை. எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது அந்த உட்பரப்பின் சுவர் எவ்வளவு மெல்லிசு என்பதுதான். நுரையீரலுக்குள் காற்று நுண்ணறைகள் என்ற குட்டிப் பைகள் 30 முதல் 50 கோடி வரை இருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு, ஒரு மில்லிமீட்டரை 2000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு கனம். ரத்தச் சிவப்பணு அந்தத் தடுப்பை ஒட்டிக் கடந்துபோக முக்கால் விநாடிதான் ஆகிறது, அதற்குள் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

இத்தனை சின்ன ஈரப் பைகள் ஏன் ஒட்டிப்போவதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சோப்பு, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதுபோல, நுண்ணறையின் உட்புறத்தில் ஒரு வழுவழுப்பான படலம் வேலை செய்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதுமான அளவு ஊறியிருக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்வாங்க, முனகிக்கொண்டே மூச்சுக்குப் போராடுவார்கள். காரணம் இந்தப் படலக் குறைவுதான் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் காட்டினார்கள். இன்று அந்தப் பொருளையே குழாய் வழியாக நுரையீரலுக்குள் செலுத்துகிறார்கள்.

கேள்வி: என் தம்பிக்கு ஆஸ்துமா. வீசிங் வந்தால் "காற்றே உள்ளே போகவில்லை" என்கிறான். நிறைய இழுக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அவருக்கு அப்படித் தோன்றுவது உண்மை, ஆனால் சிக்கல் பெரும்பாலும் விடுவதில் இருக்கிறது. சிறு மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்கியிருக்கும், வெளியே விடும்போது இன்னும் ஒடுங்கும். பாதி விடுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுவதால் பழைய காற்று உள்ளேயே தங்குகிறது. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் எப்படி இன்னும் ஊற்றுவது? அந்த நேரத்தில் அவரைக் கவனியுங்கள். முன்னால் குனிந்து, கையை முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவார். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்காரவையுங்கள். உதட்டைக் குவித்து மெதுவாக, நீளமாக ஊதச் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலமாகிறது, வீசிங் சத்தம் நின்றும் ஆள் தேறாமல் சோர்ந்துபோகிறார் என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சத்தம் அடங்கியதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், காற்று நகராததால் அடங்கியிருக்கலாம்.

கேள்வி: பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 98 காட்டினால் கவலை இல்லைதானே?

பதில்: பெரும்பாலும் சரி. ஆனால் அந்தக் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாக அனுப்பி ரத்தத்தின் நிறத்தை வைத்து ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது, அவ்வளவுதான். மூடிய அறையில் கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும். அந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அப்படிப்பட்ட அறையில் ஒருவருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் எண்ணைப் பார்க்காமல் வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து உதவிக்கு அழையுங்கள்.

கேள்வி: மூக்கால் மூச்சு விடுவது நல்லதா, வாயாலா?

பதில்: மூக்கு. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புகிறது. ஓடும்போது வாயும் சேர்ந்துகொள்ளட்டும், தவறில்லை.

கேள்வி: சிகரெட்டை விட்டு இரண்டு வாரம் ஆகிறது. முன்பைவிட இருமல் அதிகம். விட்டது தப்போ என்று தோன்றுகிறது.

பதில்: தப்பே இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். புகை அவற்றை முடக்கிப்போட்டிருந்தது. இப்போது அவை மறுபடி வேலை செய்ய ஆரம்பித்திருக்கின்றன, தேங்கியிருந்த கோழை வெளியே வருகிறது. நிறையத் தண்ணீர் குடியுங்கள். இருமலில் ரத்தம் தெரிந்தாலோ, எடை குறைந்தாலோ, இன்னும் சில வாரத்தில் இருமல் தணியாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த மாதம் எப்படி இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.