நாலே நாளில் இவ்வளவு மாற்றம் என்றால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்

தம்பி, அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள அம்மா நாலு நாளாகத் தூங்குவதில்லை, அறையில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார், உங்களையே தெரியவில்லை. நோய் முற்றிவிட்டதா, தூக்க மாத்திரை தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து நீங்களாக மாத்திரை தராதீர்கள். அல்சைமர் பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில்தான் முற்றும். நாலே நாளில் ஆள் தலைகீழாக மாறினால் உடம்பில் வேறு கோளாறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இப்படி உடம்புக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். காரணத்தைச் சரிசெய்தால் பலருக்குத் தெளிவு திரும்பும். சிறுநீர்த் தொற்று இதில் அடிக்கடி வருவது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். மலச்சிக்கல், தண்ணீர் குறைவது, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து இறங்குவது, நிமோனியா, கீழே விழுந்து தலையில் அடிபட்டது என்று வேறு காரணங்களும் உண்டு. சளிக்கு, அரிப்புக்கு என்று கடையில் வாங்கும் அவில் போன்ற மாத்திரைகூடக் குழப்பத்தைக் கூட்டும்.

அதனால் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். போன வாரம் வரை எப்படி இருந்தார் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். "மறதி நோய் என்றால் இப்படித்தான்" என்று அனுப்பப் பார்த்தால், சிறுநீர், ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள்.

இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். அவர் போடும் மூக்குக்கண்ணாடி பக்கத்திலேயே இருக்கட்டும். யாருமில்லையே என்று வாதாட வேண்டாம், "நான் இருக்கேன்மா" போதும். அப்புறம், இந்த நாலு ராத்திரியும் நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள். யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள்.

எழுப்பினாலும் எழவில்லை, வாய் கோணுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.