மருத்துவப் படிப்புக்காக நிலத்தை விற்க வேண்டாம்

சென்ற சனிக்கிழமை நீங்கள் இருவரும் மகளின் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க அவளை அழைத்துக்கொண்டு வந்தபோது, இங்கே சிங்கப்பூரில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்து நிலத்தை விற்று அவளை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பெரியப்பா சொன்னதாகக் கூறினீர்கள். அரை மணி நேரம் மருத்துவத்தைப் பற்றியே பேசினோம். அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

இனி ஆறுதல் சொல்வதில் பயனில்லை. சிங்கப்பூரில் அங்கீகரிக்கப்படும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல் 2020ஆம் ஆண்டில் 160இலிருந்து 103ஆகக் குறைக்கப்பட்டதைப் பெரியப்பா அறிந்திருப்பாரா என்று தெரியவில்லை. ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து பெறும் கல்விக் கடனும் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்ப் படிப்புகளுக்கே உரியது. பிள்ளை கேட்காத படிப்புக்காகப் பரம்பரை நிலத்தை விற்பதற்கு நான் உடன்படமாட்டேன்.

என்ன பிடிக்கும் என்று நான் கேட்ட பிறகு அவள் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். 2022 பிப்ரவரி 25 அன்று சுமத்ராவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது கடலோர மரீன் பரேட் வீட்டில் தொங்குவிளக்கு ஆடியதைப் பாட்டி பார்த்திருக்கிறார். புக்கிட் தீமாவில் இருக்கும் அத்தையோ எதையும் உணரவில்லை. அந்த வேறுபாட்டின் காரணத்தை உங்கள் மகள் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகளைக் கடலோரத்து மென்களிமண் பெருக்கிவிடும், புக்கிட் தீமாவின் கருங்கல் அவ்வாறு பெருக்காது என்பது அதன் ஒரு பகுதி. எவ்வளவு பெருக்கும் என்பதைக் கணிப்பதுதான் நில அதிர்வு அலைகளின் கணிதம்.

நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, நியூட்டனின் விதியும் பாறையின் மீள்தன்மையும் சேர்ந்த அலைச் சமன்பாட்டை ஒவ்வொரு கட்டத்திலும் கணத்துக்குக் கணம் தீர்க்கிறார்கள். அதிர்வெண் இருமடங்கானால் அலைநீளம் பாதியாகும். அதைப் பிடிக்க மூன்று திசைகளிலும் கட்டங்களின் எண்ணிக்கையை இருமடங்காக்கி, நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் கணக்கு வேலை 16 மடங்காகிறது. இக்கணக்கைத் துல்லியமாகச் செய்ய, துகளின் வேகத்தையும் பாறையின் தகைவையும் (உள்ளே எழும் விசையையும்) ஒன்றுக்கொன்று அரைக் கட்டம் தள்ளி வைக்கும் முறையை நில அதிர்வு ஆய்வாளர் விரியூ 1986இல் வெளியிட்டார். பூமிக்கு இல்லாத ஓரம் கணினி மாதிரிக்கு உண்டு; அதில் அலை மோதித் திரும்பினால் விடை பாழாகும். பெரஞ்சே என்ற ஆய்வாளர் 1994இல் மின்காந்த அலைகளுக்காக வகுத்த, அலையை விழுங்கிவிடும் அடுக்கை நில அதிர்வுத் துறையினர் தமக்கும் எடுத்துக்கொண்டனர். இதைச் சொன்னபோதுதான் உங்கள் மகள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டாள்.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். பேரிடர் இழப்பைக் கணிக்கும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் (காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவை), உயரமான கட்டடங்களை வடிவமைக்கும் பொறியியல் அலுவலகங்கள், நிலத்தடியைப் படம்பிடிக்கும் எரிசக்தி நிறுவனங்கள், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலுள்ள சிங்கப்பூர் புவி ஆய்வகம் ஆகிய இடங்களில் இத்தகைய திறன் பயன்படுகிறது. இளநிலைப் பட்டத்தோடு ஆய்வாளர் ஆகிவிட முடியாது என்பதையும் மறைக்கமாட்டேன். முனைவர் பட்டம் வரை செல்ல நேரலாம், ஆனால் அக்கட்டத்தில் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். கணிதத்தைப் பிரதானமாக எடுத்து, இயற்பியலையும் நிரலாக்கத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த சந்திப்புக்குள், ஒரு கயிற்றில் ஓடும் அலையைப் பைத்தான் என்ற கணினி மொழியில் அவள் எழுதிப் பார்க்கட்டும். அன்று பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள். அவர் முன்னிலையில் அவளே விளக்கட்டும். அதுவரை நில விற்பனைப் பேச்சை நிறுத்திவையுங்கள்.